ஜமுக்காளமா, யோகா மேட்டா?

வீட்டிலேயே யோகா தொடங்க நினைத்ததும் முதலில் வரும் கேள்வி, கீழே எதை விரிப்பது? என்னிடம் பவானி ஜமுக்காளமும் இருக்கிறது, 6 மி.மீ. தடிமனுள்ள மேட்டும் இருக்கிறது.

உட்கார்ந்தும் படுத்தும் செய்கிற ஆசனங்களுக்கு ஜமுக்காளமே போதும். நான்காக மடித்துப் போட்டு, முழங்காலை மடக்கிக் குதிகால் மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் கணுக்கால் உறுத்தாது. பருத்தி வியர்வையை உறிஞ்சும், துவைத்து மொட்டைமாடியில் காயப்போடலாம். மேட்டை அப்படி வெயிலில் போடக் கூடாது, சீக்கிரம் பொடிந்துவிடும்.

நின்று செய்யும்போதுதான் சிக்கல். மொசைக் தரையில் ஜமுக்காளத்தை விரித்து, திரிகோணாசனத்துக்குக் கால்களை மூன்றடி அகட்டிப் பாருங்கள். துணி மெல்ல விலகும், கால்விரல்கள் தரையைக் கவ்வப் பார்க்கும், விழாமல் நிற்பதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும். எனக்கு முதல் வாரமே தொடையில் பிடித்துக்கொண்டது. சூரிய நமஸ்காரத்தில் உள்ளங்கையும் முன்னால் நழுவும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது நிஜமான ஆபத்து, அதனால் இந்த இடத்தில் மேட்டுக்குத்தான் என் ஓட்டு. புது மேட்டும் கொஞ்சம் வழுக்கும். ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தால் சரியாகிவிடும்.

ஆனால் மேட் மெத்தென்று இருந்தால் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தில் கால் ஆடும். அப்போது மேட்டை விட்டு இறங்கி, சுவரோரமாக வெறும் தரையில் நில்லுங்கள்.

இப்போது செலவு வேண்டாம் என்றால், நின்று செய்வதை ஈரமில்லாத வெறும் தரையில் செய்யுங்கள். அப்புறம் உட்காரவும், கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கும் ஜமுக்காளத்தை விரித்துக்கொள்ளலாம்.