கிஷ்ஷை ஃப்ரீசரில் வைப்பது: மேலே பிரமாதம், அடியில் ஏமாற்றம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிஷ் என்பது அடியில் மாவை விரித்து, மேலே முட்டையும் க்ரீமும் ஊற்றி ஓவனில் சுடும் பிரெஞ்சுப் பண்டம். அதன் மேல்பாதி ஃப்ரீசரில் அருமையாகத் தாக்குப்பிடிக்கும். அடிப்பாதி என் உயிரை வாங்கும். பல வருடமாக இப்படித்தான்.

லியோனில் இருக்கும் சித்தி மகள் போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்க கிஷ் சுட்டு ஃப்ரீசர்ல போட்டு வச்சுக்குவீங்கல்ல, திரும்ப சூடு பண்ணினா நல்லா இருக்குமா? லீவு முடிஞ்சு வேலைக்குப் போகப்போறேன், நாலஞ்சு செஞ்சு வச்சுடலாம்னு பார்க்கிறேன்." ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கிஷ் செய்வது எப்படி என்று இதில் இருக்காது. அது இங்கே பிரான்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

நாங்கள் இருப்பது பாரிஸுக்கு அருகே சார்செல் பக்கம். வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை 28 செ.மீ. தட்டில் இரண்டு கிஷ் போடுவேன். ஒன்று அன்றிரவு சாலடோடு காலியாகிவிடும். இன்னொன்று எட்டுத் துண்டாகி ஃப்ரீசருக்குப் போகும். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பதில்லை, அதனால் லார்தோன் என்கிற பன்றி இறைச்சித் துண்டு கிடையாது. வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸும் ஆட்டுப்பால் சீஸும்தான், சில வாரம் டின் மீனும் தக்காளி விழுதும். கிஷ்ஷுக்குப் பேர்போன லொரேன் பகுதிக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கணக்கில் முட்டை, க்ரீம், லார்தோன், அத்தோடு சரி. வெங்காயம் சேர்ந்தால் அது அல்சாஸ் கிஷ், சீஸ் சேர்ந்தால் வோஜ் கிஷ். நான் செய்வது எந்த மாவட்டத்துக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை, பாண்டிச்சேரிக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும்.

முட்டையும் க்ரீமும் சேர்ந்த அந்தக் கலவை உறைந்து உருகினாலும் பெரும்பாலும் அப்படியே இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். முட்டை ஒரு வலை மாதிரி இறுகி, பாலில் இருக்கும் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது. ஃப்ரீசரில் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகி வலையைக் குத்திக் கிழிக்கும். உருகும்போது தண்ணீர் வெளியே வந்துவிடும். வெறும் பாலில் செய்த கிஷ்ஷை உருக்கிப் பார்த்தால் தெரியும், தட்டில் ஒரு குட்டை நிற்கும். 30 சதவீதக் கொழுப்புள்ள க்ரீமைத் தாராளமாக ஊற்றியிருந்தால் அவ்வளவு சேதம் இல்லை. கொழுப்பு கூடினால் உறையும் தண்ணீர் அந்த அளவுக்குக் குறைகிறது. நான் போடுவது 4 முட்டை, 200 மி.லி. க்ரீம், 200 மி.லி. பால், ஒரு டீஸ்பூன் சோள மாவு. சோள மாவைப் பார்த்து என் பிரெஞ்சு சிநேகிதி தலையில் அடித்துக்கொள்வாள். ஃப்ரீசருக்குப் போகாத கிஷ்ஷில் அது வேண்டியதில்லை, நானும் போட மாட்டேன். ஃப்ரீசருக்குப் போவதென்றால் கசியும் தண்ணீரைப் பிடித்து வைக்க அந்த ஒரு ஸ்பூன் வேண்டும். கொழுப்புக் குறைந்த க்ரீமில் செய்து ஃப்ரீசரில் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், நன்றாக இருங்கள் என்று வாழ்த்திவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இன்னொன்று, வேக வைக்கும் பக்குவம். தட்டை லேசாக ஆட்டினால் நடுவில் மட்டும் கொஞ்சம் தளும்ப வேண்டும், அப்போதே ஓவனிலிருந்து எடுத்துவிட வேண்டும். மீதி வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடந்துவிடும். முழுக்க இறுகி, மேலே உப்பி வெடிக்கும்வரை விட்டால் முட்டை சுருங்கித் தண்ணீரை அப்போதே கக்க ஆரம்பிக்கும். அதை ஃப்ரீசரில் வேறு வைத்தால் கேட்கவே வேண்டாம்.

காய்கறியில் லீக்ஸுக்கு நிகர் எதுவும் இல்லை. மெல்லிசாக அரிந்து, வெண்ணெயில் சின்னத் தீயில், கரண்டியால் ஒதுக்கினால் சட்டியில் ஈரம் தெரியாத அளவுக்கு வதக்க வேண்டும். கீரை என்றால் வேக வைத்துக் கையால் பிழிந்து, பிறகு இன்னொரு முறை பிழிய வேண்டும். காளான் சுருங்கி ஓரம் சிவந்த பிறகு போட்டால் தப்பிக்கும். சுக்கினியும் வதக்காத தக்காளித் துண்டும் ஃப்ரீசர் கிஷ்ஷுக்கு ஆகவே ஆகாது. உருளைக்கிழங்கு உருகினதும் மணல் மணலாக வாயில் நிற்கும்.

உறைய வைப்பதில் பெரிய வித்தை இல்லை. சுட்டதும் கம்பி மேல் வைத்து, அடியிலும் காற்றுப் படும்படி முழுக்க ஆற விட வேண்டும். அதற்காக மேசையிலேயே ராத்திரி முழுக்க விடக்கூடாது, முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். துண்டு போட்டு, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மூடாமல் ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக இறுகின பிறகு ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் ஃபிலிம், அதன்மேல் அலுமினியத் தாள், அப்புறம் பை. இளஞ்சூட்டில் சுற்றினால் உள்ளே ஆவி பனித்தூளாகப் படியும், உருகும்போது அது நேரே மாவில்தான் இறங்கும். கதவில் நான்கு நட்சத்திரம் போட்ட ஃப்ரீசர்தான் சமைத்ததை உறைய வைக்கத் தகுதியானது. மூன்று நட்சத்திரத்திலும் மைனஸ் 18 இருக்கும், ஆனால் ஏற்கெனவே உறைந்ததை வைத்திருக்க மட்டுமே அது. இரண்டு மாதத்துக்குள் சாப்பிட்டுவிட்டால் ருசியில் குறை தெரியாது. அதற்கு மேல் ஓரங்கள் காய்ந்து, ஃப்ரீசர் வாடை வந்துவிடும்.

இவ்வளவு சரியாகச் செய்த பிறகும் அடி நமத்துப்போகிறது. இதுதான் என் ஆற்றாமை.

மாவில் குறை இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். கடையில் சுருட்டி விற்கும் மாவை வாங்குவதில்லை. 250 கிராம் மாவு, 125 கிராம் வெண்ணெய், உப்பு, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர், அதிகம் கை படாமல் பிசைந்தது. வெறும் மாவை முதலில் சுடுவேன், மேலே தாள் விரித்துக் கொண்டைக்கடலையைக் கொட்டி. (ஒரு டப்பா கொண்டைக்கடலை இதற்கென்றே இருக்கிறது. ஒருமுறை மாமியார் அதைச் சுண்டலுக்கு ஊறப் போட்டுவிட்டார். ஊறவே இல்லை.) கடலையை எடுத்த பிறகு முட்டை வெள்ளைக்கருவைப் பிரஷ்ஷால் தடவி இன்னும் ஐந்து நிமிடம் சுட்டால் அடி பளபளவென்று மூடிக்கொள்ளும். அதன்மேல் ஒரு சிட்டிகை ரவையும் தூவுவேன். ஞாயிறு இரவு சாப்பிடும்போது கத்தி வைத்தால் கறுக்கென்று சத்தம் வரும். அதே மாவுதான். அதே ஓவன்தான்.

புதன்கிழமை ஆபீஸ் மைக்ரோவேவில் வைத்தால் என்ன நடக்கிறது? பனிக்கட்டி மைக்ரோவேவ் அலையை அதிகம் உறிஞ்சாது, தண்ணீர் நன்றாக உறிஞ்சும். அதனால் முதலில் உருகும் முனை கொதிக்க ஆரம்பித்துவிடும், நடு இன்னும் ஐஸாகவே இருக்கும். நடு உருகும்வரை விட்டால் முனையில் முட்டை ரப்பராகிவிடும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உருக்கி எடுத்துப்போனால் இந்தக் கொடுமை பாதி குறையும். ஆனால் அடி? மேலே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கீழே மாவுக்குள் இறங்குகிறது. மாவைத் திரும்ப மொறுமொறுப்பாக்க வெளியிலிருந்து காய்ந்த சூடு வேண்டும், மைக்ரோவேவில் அது கிடையாது. முள்கரண்டியால் தூக்கினால் துண்டு நடுவில் தொங்குகிறது. பின்னால் வரிசையில் நிற்பவர் தன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமையின் பாதி நாள் இப்படி ஒரு ஈர அட்டையாகக் கரண்டியில் தொங்கினால் கோபம் வருமா வராதா?

ஓவனில் வைத்தால் சரியாகத்தான் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. ஐஸ் துண்டை அப்படியே 170 டிகிரியில், முதலில் தாள் மூடி இருபது நிமிடம், தாளை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம். அடி கிட்டத்தட்ட ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருக்கும். ஆனால் ஒரே ஒரு துண்டுக்கு ஓவன் சூடேறும் நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் சோறு வடித்து ரசம் வைத்து அப்பளமும் பொரித்துவிடுவேன். மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரவில், பசி எடுப்பது பகலில். ஏர் ஃப்ரையரும் பார்த்தாயிற்று. 160 டிகிரியில் அடி நன்றாகவே வருகிறது, மேலே சீஸ் கருகுகிறது, தாள் மூடினால் காற்றில் பறந்து போய் மேலே ஒட்டிக்கொள்கிறது. தாளின் ஓரத்தைத் துண்டுக்கு அடியில் மடித்துச் செருகினால் பறக்காது, ஆனால் மடித்த இடத்தில் அடி நமத்துவிடும். சிரிக்காதீர்கள்.

பிறகுதான் தோசைக்கல். இதைக் கண்டுபிடித்த நாளில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஃப்ரிட்ஜில் உருகின துண்டை மைக்ரோவேவில் பாதிச் சக்தியில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட வைத்து உள்ளே சூடேற்றிக்கொள்ள வேண்டும். பிறகு மிதமான சூட்டில் இருக்கும் இரும்புக்கல்லில், எண்ணெய் எதுவும் இல்லாமல், நேரே வைத்துவிட வேண்டும். மாவில் இருக்கும் வெண்ணெய் உருகி வந்து அடியை அதுவே பொரித்துவிடும். முதலில் சொய்ங் என்ற சத்தம் ஈரமாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் அந்தச் சத்தம் மாறிக் காய்ந்து, சின்னதாகப் படபடக்கும், வறுத்த மாவு வாசம் எழும். தோசைத் திருப்பியை அடியில் விட்டால் துண்டு வழுக்கிக்கொண்டு நகரும். மூடி போடாமல் இருப்பது முக்கியம், போட்டால் மூடியில் சேரும் ஆவி திரும்பச் சொட்டும். நடுவில் கத்தி முனையைச் செருகி உதட்டில் வைத்துப் பார்த்தால் சுட வேண்டும். தெர்மாமீட்டர் இருப்பவர்கள் 75 டிகிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஓவனில் வைத்ததைவிட இது ஒரு படி மேல் என்றே சொல்வேன். சில நாள் புதிதாகச் சுட்டதைவிடவும் மேல்.

ஆனால் பாருங்கள், தோசைக்கல் இருப்பது வீட்டில். கிஷ்ஷை ஃப்ரீசரில் வைத்ததே ஆபீஸுக்காக. வீட்டில், அடுப்புக்கு முன்னால் நிற்க நேரம் இருக்கும் நாளில், உறைந்த கிஷ் எனக்கு எதற்கு? நேரமே இல்லாத நாளுக்காகச் சேர்த்து வைத்த பண்டம், திரும்ப எடுக்கும்போது நேரம் கேட்கிறது. எத்தனை வருடம் செய்தாலும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ராத்திரி ஃப்ரிட்ஜில் உருக்கி, மதியம் சூடே பண்ணாமல் சாலடோடு சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாள். அந்தத் துண்டின் அடி என் துண்டைவிட நன்றாக இருந்ததை நானே கடித்துப் பார்த்தேன். குளிர்ந்த மாவு நொறுங்காவிட்டாலும் வடிவம் கெடாமல் நிற்கிறது, ஆவி ஏறவில்லை அல்லவா. நியாயமாகப் பார்த்தால் அவள் வழிதான் சரி. எங்கள் வீட்டில் எடுபடாது. "சூடு இல்லாம என்ன சாப்பாடு" என்று வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிடுவார், உண்மையைச் சொன்னால் எனக்கும் தொண்டையில் இறங்காது.

ஆக, தங்கச்சிக்கு என் பதில்: கிஷ்ஷை ஃப்ரீசரில் வைக்காதே. மாவை மட்டும் வை. பிசைந்து, தட்டில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, பச்சையாகவே உறைய வைத்துவிட்டால் உருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஐஸாகவே ஓவனில் போட்டுச் சுடலாம். லீக்ஸ் வதக்கலையும் தனியாகச் சின்ன டப்பாவில் வை. வேலையிலிருந்து வந்து நான்கு முட்டையை அடித்து ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? க்ரீமைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் மேலே பாராட்டினது எல்லாம் உண்மைதான், ஒரு வரியும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் இன்றைக்கு நாலுதான் தருவேன். தோசைக்கல் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டிருந்தால் எட்டு கொடுத்திருப்பேன்.

அப்படியும் செய்துதான் பார்ப்பேன் என்றால் தட்டு விஷயத்தில் மட்டும் கவனம். அடி கழன்று வரும் தகரத் தட்டு வாங்கு, சூடு சீக்கிரம் ஏறும். பீங்கான், கண்ணாடித் தட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சூடான ஓவனுக்குள் நேராக வைக்காதே, விரிசல் விடும். உருகின துண்டை அடுத்த நாளுக்குள் சாப்பிட்டுவிடு, மிஞ்சினால் திரும்ப உறைய வைக்காதே. தோசைக்கல் இல்லையென்றால் சொல், என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்று இண்டக்‌ஷனிலும் வேலை செய்யும்.