டல்லாஸ் பக்கம் ஹவாய் சாப்பாடு தேடிப் போகிறவர்கள் கவனத்துக்கு

சைவம் சாப்பிடுகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஹவாய் உணவகங்களில் வெறும் சோற்றின் மேல் எள்ளும் கடற்பாசியும் கலந்த ஒரு தூளைத் தூவித் தருவார்கள். ஃபுரிகாகே என்று பெயர், ஜப்பானியத் தொழிலாளர்களோடு தீவுகளுக்குப் போய் அங்கேயே ஊறிப்போன சரக்கு. கடையில் கிடைக்கிற பல வகைகளில் காய்ந்த மீன் சீவலும் சேர்ந்திருக்கும். டல்லாஸுக்கு வடக்கே ஒரு கடைத்தொகுதியில் இருக்கிற சின்ன ஹவாய் உணவகத்தில் என் மனைவி டோஃபு, அதாவது சோயாப் பன்னீர் தட்டு கேட்டாள். இது முழுக்க சைவம்தானா என்று ஆர்டர் கொடுக்கும்போதும் கேட்டாள், தட்டு வந்த பிறகும் கேட்டாள். கடற்பாசி, எள்ளு, உப்பு, வேறொன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னான் பரிமாறின பையன்.

சோற்றுச் சூட்டில் கருவாட்டு வாடை கிளம்பியது. பார்த்தால் எள்ளுக்கு நடுவே மரச்சீவல் மாதிரி இளம்பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டிலைக் கொண்டு வா என்று கேட்டேன். முதலில் சமையலறைக்குள் இருந்து எதையும் வெளியே எடுத்து வரக்கூடாது என்றார்கள், நான் எழுந்து போய் கவுன்ட்டரில் நின்றதும் கொண்டு வந்தார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் எள், உப்பு, சர்க்கரை, அதற்கு அடுத்ததே பொனிட்டோ. நம் ஊர் மாசிக் கருவாடு இருக்கிறதே, அதே சூரை மீன் இனம்தான். மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "நிறைய சைவக்காரர்கள் இதைச் சாப்பிடுகிறார்களே சார்" என்றார். சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது என்பதுதானே விஷயம்! இவ்வளவுக்கும் அந்த டோஃபுவைப் பொரித்தது கோழி பொரிக்கிற அதே எண்ணெயில், அதுவும் நான் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்கள்.

இன்னும் ஒன்று. லவ்லவ் என்று மெனுவில் இருந்தால், சேப்பங்கிழங்கு இலையில் சுற்றி அவித்தது என்று எழுதியிருக்கும். நாம் உடனே ஏதோ இலைக் கொழுக்கட்டை என்று நினைப்போம். உள்ளே இருப்பது பன்றி இறைச்சியும் உப்பு போட்ட மீனும். சைமின் நூடுல்ஸ் சூப்பும் இறால், மீன் சாறுதான். மக்ரோனி சாலட்டில் மயோனைஸ், அதாவது முட்டை.

சரி, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வருவோம். எங்களோடு வந்த அலுவலக நண்பர் ஹவாயில் ஹீலோ ஊர்க்காரர். லோகோ மோகோ 1949 வாக்கில் அந்த ஊரில் பிறந்தது என்றுதான் சொல்வார்கள். கையில் காசில்லாத பையன்களுக்கு வயிறு நிறைய வேண்டும் என்று சோற்றின் மேல் ஹாம்பர்கர் வடையை வைத்து குழம்பை ஊற்றிக் கொடுத்ததாம், முட்டை பிறகு சேர்ந்தது. மஞ்சள் கரு உடைந்து குழம்போடு சோற்றில் இறங்கினால்தான் அது லோகோ மோகோ. இங்கே வந்த முட்டை கத்தியால் வெட்டுகிற பதத்தில் இருந்தது, அரிசி நீள பாஸ்மதி, ஒட்டவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மக்ரோனி சாலட்டுக்குத் தனியாக 5 டாலர் என்று பார்த்தபோதுதான் சிரித்துவிட்டார். இரண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி மக்ரோனி சாலட், ஒரு கறி, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பிளேட் லஞ்ச், கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். சாப்பாட்டுக்கு வந்தவனிடம் சாம்பாருக்குத் தனிக் காசு கேட்டால் நமக்கு எப்படி இருக்கும், அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

காலுவா பன்றி என்று வந்தது அச்சு அசல் டெக்சாஸ் பார்பிக்யூ, மேலே இனிப்பு சாஸ் வேறு. உண்மையான காலுவா, குழியில் சூடேற்றிய கல்லுக்கு மேல் இலை போட்டு மூடி, மணிக்கணக்கில் வேகிற இறைச்சி. தீவுகளிலேயே வீட்டில் உப்பும் புகைச்சாறும் போட்டு ஓவனில் வைத்துவிடுவார்களாம், அதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் சாஸ் கிடையவே கிடையாது.

போக்கி என்றால் பச்சை மீனைத் துண்டு போட்டுக் கலந்து தருவது. அந்தக் கிண்ணத்துக்கு, தினமும் ஹொனலூலுவிலிருந்து விமானத்தில் வருகிற சூரை என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். சோளம், மாம்பழம், மயோனைஸ் எல்லாவற்றையும் விலக்கினால் அடியில் ஏழெட்டுத் துண்டு மீன், எல்லாம் ஒரே அளவு, ஒரே தர்பூசணிச் சிவப்பு, நடுவில் இன்னும் பனிக்கட்டி. உறைய வைத்த மீன் என்பது குறை இல்லை, பச்சையாகச் சாப்பிடுகிற மீன் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் அந்த நிறத்தை நம்பாதீர்கள். சூரையைக் கார்பன் மோனாக்ஸைடு கலந்த புகையில் வைத்தால் பழசானாலும் சிவப்பு மாறாது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி உண்டு, பாக்கெட்டில் அச்சிடவும் வேண்டும், கிண்ணத்தில் போட்டுத் தரும்போது பாக்கெட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? கெட்டுப்போன சூரையில் சேருகிற ஹிஸ்டமின் முகம் சிவந்து தலைவலி, வாந்தி வரை கொண்டுபோகும், சமைத்தாலும் போகாது. எங்களுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை, பாதியில் வைத்துவிட்டோம். ஹொனலூலு மீன் எது என்று கேட்டதற்கு, அந்தப் பலகை பழைய உரிமையாளர் வைத்தது என்று பதில்.

கோனா காபி, ஹவாயின் கோனா பகுதியில் விளைகிற பேர்போன காபி, 7 டாலர். பின்னால் அலமாரியில் இருந்த பையில் கோனா பிளெண்டு, அதாவது வேறு காபியோடு கலந்தது, 10 சதவீதம் என்று போட்டிருந்தது. ஹவாய் மாநிலத்திலேயே 10 சதவீதம் கோனா இருந்தால் பிளெண்டு என்று விற்கலாம், 2027இலிருந்துதான் அதை 51 ஆக்கப் போகிறார்கள். ஆனால் பிளெண்டை வெறும் கோனா என்று மெனுவில் போட்டு விற்பது அப்பட்டமான ஏமாற்று.

பில் வந்தது. சாப்பாடு 92 டாலர், வரி 8.25 சதவீதம், அதாவது 7.59. இரண்டுக்கும் நடுவில் விருந்தோம்பல் கட்டணம் என்ற பெயரில் சேவைக் கட்டணம் 18 சதவீதம், 16.56. மொத்தம் 116.15. பிறகு பில் கொண்டு வந்த பெண் டேப்லெட்டைத் திருப்பி நீட்டினார். 18, 20, 25 என்று டிப்ஸ் பொத்தான்கள், 20க்கு நேராக 23.23 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள், வரிக்கும், ஏற்கெனவே வாங்கின சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து டிப்ஸ். அழுத்தியிருந்தால் 92 டாலர் சாப்பாட்டுக்கு கட்டணமும் டிப்ஸுமாக 39.79 போயிருக்கும். கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதே என்றால், அது கடைக்கு, இது எங்களுக்கு என்றார். டேப்லெட்டில் மொத்தத் தொகை மட்டும்தான் தெரியும், அச்சடித்த பில்லைக் கேட்டு வாங்கிய பிறகு பொத்தானைத் தொடுங்கள்.

டோஃபு தட்டின் காசை மட்டும் கழித்தார்கள். கட்டணத்தை எடுக்க முடியாது, கணினி தானாகப் போடுகிறது என்றார் மேலாளர்.

இந்தக் கடைக்கு இணையத்தில் நட்சத்திர மதிப்பீடு நன்றாகவே இருக்கிறது. இவ்வளவு மோசமான கடைக்கு அது எப்படி என்று கேட்பீர்கள். மேசையிலேயே கியூஆர் அட்டை இருக்கிறது, ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டினால் ஹௌபியா என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு இலவசம். நான் ஒற்றை நட்சத்திரம் போட்டு ஃபுரிகாகே பாட்டிலின் படத்தையும் சேர்த்தேன். வருத்தம் தெரிவிக்கிறோம், தனியாகத் தொடர்பு கொள்ளுங்கள் என்று கீழே பதில் வந்தது. தொடர்பு கொண்டேன். அடுத்த வருகைக்கு 10 டாலர் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள், அதிலும் சேவைக் கட்டணம் தனி என்று அடிக்குறிப்பு.