தீரனுக்கு எந்த ‘டி’?

தங்கச்சிக்குப் பையன் பிறந்து பத்து நாளாச்சு. பேர் தீரன். காங்கேயத்துப் பக்கம் இந்தப் பேருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சண்டையெல்லாம் இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பதில்தான். பையனோட அப்பிச்சி, அதாவது எங்கப்பா, தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் நாலு விதமாக எழுதிவைத்திருக்கிறார்.

தங்கச்சி மாமியார் போனில், “டி போட்டு ஆரம்பிச்சுருங் கண்ணு, அதான் பார்வையா இருக்குது” என்றார். எந்த டி? டெல்லி டி-யா, டைகர் டி-யா? தமிழில் ரெண்டுக்கும் ஒரே எழுத்து. அரை மணி நேரம் ரெண்டு பக்கமும் வேற வேற டி-க்காக வாதாடியிருக்கிறோம்.

முதலில் டெல்லி டி: டி-ஹெச்-இ-இ-ஆர்-ஏ-என். தீரன் வடசொல். ‘தர்மபுரி’யில் வரும் த-தான் இதில் வருவது, வாயில் நாம் சொல்வதும் அப்படித்தான். அடுத்தது டைகர் டி-யும் அதே ஹெச்-சும். இது ‘தண்ணி’யில் வரும் த. 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி. அந்தத் தீ டைகர் டி, தீரன் என்கிற தீ டெல்லி டி. ஒரே மனுசனுக்கு ரெண்டு டி-யும் பொருந்துகிறது, போங்கள்.

ஆனாலும் டைகர் டி-க்கு என் ஓட்டு கிடையாது. பட்டவன் நான். என் பேர் செந்தில். பத்தாவது மார்க் ஷீட்டில் டைகர் டி, பேன் கார்டில் டெல்லி டி. பழைய கம்பெனியில் பிஎஃப் பணத்தை எடுக்கப் போனபோது அந்த ஒரே எழுத்துக்காக ஏழு மாசம் அலைந்தேன்.

மூணாவது, இ ரெண்டையும் எடுத்துவிட்டு ஒரே ஐ. வடக்கே ஐ-யை நெடிலாகவே படித்துக்கொள்வார்கள். நம்மூர் வாத்தியார் ‘திரன்’ என்றுதான் அட்டெண்டன்ஸ் எடுப்பார். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நாலாவதுதான் மாப்பிள்ளையின் செல்லம்: முதலாவதன் கடைசியில் இன்னொரு என். நியூமராலஜிக்காரர் கொடுத்தது. அவர் கணக்கில் டி 4, ஹெச் 5, இ 5, ஆர் 2, ஏ 1, என் 5. சும்மா எழுதினால் 27, கூட்டினால் 9. ஒரு என் சேர்த்தால் 32, அதாவது 5. பையன் பிறந்த தேதி 14, அதுவும் 5. கணக்கு சரிதான். ஆனால் அதே பட்டியலில் டெல்லி டி-யும் 4, டைகர் டி-யும் 4. ஐ போட்டு எழுதினாலும் 18, அதுவும் 9. வீடே ரெண்டுபட்ட விஷயத்தில் அந்தக் கணக்குக்கு அபிப்பிராயமே இல்லை!

எழுத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நம்ம ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2020-இல் அரசாணை போட்டு 1018 ஊர்ப்பெயர்களின் இங்கிலீஷ் எழுத்தை மாற்றியபோது, 10 எழுத்தில் இருந்த கோயம்புத்தூர் 14 எழுத்தானது. ஜூன் மாசம் சேதி வெளியானது, அதே மாசம் திரும்பப் பெற்றார்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பேரை ஒரு வருசத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், தாமதக் கட்டணத்தோடு 15 வருசம் வரை. அதனால் அவசரமில்லை. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஏறுவதுதான் கடைசி வரை வரும்.

நேற்று ராத்திரி அப்பிச்சி மற்ற மூணையும் அடித்துவிட்டு முதலாவதாக இருந்த டெல்லி டி-யை வட்டம் போட்டார். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிப்போச்சு. ரெண்டாவது என்-னைக் காதுகுத்துப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். அங்கே எத்தனை போட்டாலும் யாரும் செராக்ஸ் கேட்கப் போவதில்லை.