மேமியோ: தங்கிய விடுதியும் கிடைத்த கவனிப்பும்

பர்மாவில் பிறந்து இன்று வேறு நாட்டு பாஸ்போர்ட்டோடு திரும்பிப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. மாந்தலேக்குப் பக்கத்து மலையூரான மேமியோவில் கூடப்பிறந்தவர்களே இருந்தாலும் அவர்கள் வீட்டில் இரவு தங்குவது நமக்குச் சுலபமில்லை. வெளிநாட்டவரைத் தங்கவைக்க லைசென்ஸ் வாங்கிய விடுதிகளில்தான் தங்க வேண்டும். வீட்டுக்கு இரவு விருந்தாளி வந்தால் வட்டார நிர்வாகியிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று 2012-இல் வந்த சட்டமும் சொல்கிறது. உள்ளூர்க்காரர்களே கவனமாக இருக்கிறார்கள். நாம் போய் நின்றால் அவர்களுக்குத்தான் சங்கடம். அதனால் நம்மவர்களுக்கு மேமியோவில் வீடு என்பது ஏதாவது ஒரு சின்ன விடுதியின் அறைதான். 2019 டிசம்பரில் நான் தங்கிய விடுதியைப் பற்றி விரிவாக எழுதக் காரணமும் அதுவே.

நான் பிறந்தது மேமியோவில். இப்போது பலகையில் எல்லாம் பியின் ஊ லுவின் என்றுதான் இருக்கிறது. கர்னல் மே என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரியின் பெயரால் வந்த மேமியோவை அங்குள்ள நம் ஜனங்கள் இன்னும் விடவில்லை, நானும் விடவில்லை. கல்யாணமாகிச் சிங்கப்பூர் போன பிறகு அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தேன். பர்மாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு 2016 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று வைத்ததால் ஊர்ப் பயணம் எளிதாகிவிட்டது. அக்கா மாந்தலேயில் இருக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன்.

மாந்தலேயிலிருந்து 67 கிலோமீட்டர். ஆளுக்கு இவ்வளவு என்று பேசிப் போகும் ஷேர் டாக்சியில் இரண்டு மணி நேரம் ஆகிறது. கார்கள் ஜப்பானிலிருந்து வந்த பழையவை, ஸ்டீயரிங் வலப்பக்கம். 1970-இல் வண்டிகளை வலப்பக்கமாக ஓட்டச் சொல்லி உத்தரவு போட்டதால் சாலையும் வலப்பக்கம். வளைவில் முன்னால் போகும் லாரியைத் தாண்டும்போது எதிரே என்ன வருகிறது என்று டிரைவரைவிட அவருக்குப் பக்கத்துச் சீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். வயதானவர்களோடு போகிறவர்கள் நிதானமாக ஓட்டும் டிரைவராகக் கேட்டு ஏறுங்கள். இருபத்தொரு மைல் என்ற இடத்தில் வண்டியை நிறுத்துவார்கள். அங்கே இறங்கும்போதே காற்று மாறிவிடும். அப்போது ரயிலும் இருந்தது, விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி முன்னும் பின்னுமாகப் போய் மலையேறியது. எங்களுக்கு அக்காவின் முழங்கால் வலி. காரே சரி என்று முடிவு செய்தோம்.

முதலில் போன இடத்தில் அறை கிடைக்கவில்லை. மாந்தலேயிலிருந்து போன் செய்து பர்மியில் பேசிப் பதிவு செய்திருந்தோம். பேச்சைக் கேட்டு உள்ளூர்க்காரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கவுன்டரில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அந்தப் பையனின் முகம் வாடிவிட்டது. அவர்களுடையது தெக்கோகான், அதாவது உள்ளூர்க்காரர்களுக்கான சின்ன விடுதி, வெளிநாட்டவரைச் சேர்த்தால் லைசென்ஸே போய்விடும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனே இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் போட்டு, மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை பேசிக் கொடுத்து, பெட்டியையும் வாசல்வரை தூக்கி வந்தான். போனில் பேசும்போது மொழி எதுவானாலும் முதல் வாக்கியத்திலேயே பாஸ்போர்ட் எந்த நாடு என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது இடம் மூன்று மாடி. கீழே வரவேற்பறை, மர பெஞ்சு, சுவரில் விலைப்பட்டியல். செருப்பைப் படிக்கட்டின் அடியில் கழற்றிவிட வேண்டும். கொடுத்த அறை மாடியில். அக்கா படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்பதற்கு முன்பே கவுன்டரில் இருந்த பெண் கீழ்த்தள அறைக்கு மாற்றித் தந்தாள். அந்த அறை ஊழியர்கள் சாமான் வைத்திருந்த இடம். அரை மணி நேரத்தில் காலி செய்து, பெருக்கித் துடைத்து, புதிதாக விரிப்புப் போட்டார்கள். அதற்காகத் தனியாக எதுவும் கேட்கவில்லை. பெரிய ஓட்டல்களில் இப்படியொரு காரியத்துக்கு எத்தனை பேரிடம் சொல்லவேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அறையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். இரண்டு கட்டில், ஒரு மேசை, தெருப்பக்கம் ஒரு ஜன்னல். சுவரில் ஈரம் ஏறிய இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் விரிப்பிலும் தலையணை உறையிலும் வெயிலில் காய்ந்த மணம் இருந்தது, ஒரு கறைகூட இல்லை. கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். டிசம்பர் இரவில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே போகும். இந்த வாடகைக்கு அறையைச் சூடாக்கும் ஹீட்டர் எங்கேயும் இருக்காது. கனத்த சீனக் கம்பளி ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள். எனக்குப் போதவில்லை என்று சொன்னதும் மூன்றாவது வந்தது. ஸ்வெட்டரை ஊரிலிருந்து சுமந்து வரவேண்டாம், மேமியோ சந்தையில் கையால் பின்னிய நல்ல ஸ்வெட்டர் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது.

சுடுதண்ணீர்தான் மலையூர் விடுதியின் உயிர். குளியலறையில் கரண்டில் ஓடும் ஹீட்டர் இருந்தது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். சாயங்காலம் இருட்டியதும் ஜெனரேட்டர் போடுவார்கள், அதில் விளக்கு எரியும், ஹீட்டர் இழுக்காது. அதனால் விடியற்காலையில் எழுந்து குளிக்கிற பழக்கம் உள்ளவர்கள் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தால் பின்கட்டு அடுப்பில் காய வைத்து வாளியில் கொண்டுவந்து கதவோரம் வைக்கிறார்கள். பிளாஸ்க்கில் வெந்நீரும் ஒரு பொட்டலம் பச்சைத் தேயிலையும் மேசையில் எப்போதும் இருக்கும். வைஃபை கீழே மட்டும் வரும். இங்கேயே ஒரு சிம் வாங்கிக்கொள்வது மேல், நான் போனபோது 1,500 கியாட்தான்.

பணம் கட்டும்போது மனசு கொஞ்சம் கனத்தது. சுவரில் இருந்த பட்டியலில் இரண்டு விலை. வெளிநாட்டவருக்கு டாலரில் ஒன்று, உள்ளூர்க்காரருக்குக் கியாட்டில் அதில் பாதிக்கும் குறைவாய் இன்னொன்று. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற என் கட்டிலுக்கு ஒரு வாடகை, அக்காவின் கட்டிலுக்கு வேறு வாடகை. பதிவுப் புத்தகத்தில் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் இந்த ஊரின் பெயரையே எழுதிய பெண், ஒரு நிமிடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆன்டி, விலை நான் வைக்கிறதில்லை" என்று பர்மியில் மெதுவாகச் சொன்னாள். எனக்கும் அவளிடம் பேரம் பேச மனமில்லை. சாயங்காலம் முதலாளியம்மா வந்தபோது அவரிடம் நேராகக் கேட்டேன். வெளிநாட்டவரைத் தங்கவைக்கிற லைசென்ஸுக்கும் வரிக்கும் செலவு கூடுதல், அதை அந்த வாடகையில்தான் எடுக்கிறோம் என்றார். ஒளிக்காமல் சுவரில் எழுதிவைத்திருப்பதை மதிக்கிறேன். ஆனாலும் அங்கே பிறந்தவர்களுக்கு, பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் ஒரு நடுத்தர விலையாவது வைக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகிற ஒவ்வொருவரும் இதை மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் என்றைக்காவது மாறும் என்று நம்புகிறேன்.

டாலர் தாளில் மடிப்போ மையோ இருந்தால் வாங்கமாட்டார்கள். புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். நான் போனபோது ஒரு டாலருக்கு ஏறக்குறைய 1,500 கியாட். கியாட்டில் கட்டினாலும் வாங்கிக்கொண்டார்கள், ரசீதும் கேட்காமலே கொடுத்தார்கள்.

அந்த விடுதியை நான் மறக்காமல் இருக்கக் காரணம் அங்கே இரவுக் காவலுக்கு இருந்த பெரியவர். அக்காவும் நானும் தமிழில் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டுவிட்டுத் தோட்டத்துக் குழாயை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"எந்தூரு தாயி?"

"இதே ஊர்தான் ஐயா. சந்தைக்குப் பின்னால எங்க அப்பா மளிகைக்கடை வெச்சிருந்தாரு."

கடை எது, எந்த வரிசை, எதிரில் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்கக் கேட்க அக்கா பதில் சொன்னாள். 1964-இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் அவருக்கு அப்பா சொல்லிக் கேட்ட கதை இல்லை, கண்ணால் பார்த்தது. இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஏறினார்கள். எங்கள் அப்பா ஏறவில்லை, அவருடைய வீட்டிலும் ஏறவில்லை. அவருடைய தாத்தா லாஷோ ரயில் பாதை போட வந்தவராம். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அவர் கையில் இருப்பது பச்சை அட்டைதான். முழுக் குடிமகனுக்குரிய ரோஜா நிற அட்டை இல்லை. 1982 சட்டம் அப்படிப் பிரித்துவைத்திருக்கிறது. அவர் பேசும் தமிழ் சுத்தமான ராமநாதபுரத்துத் தமிழ். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. அறுபதுகளின் நடுவில் தனியார் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் படிக்க இடமில்லாமல் போன தலைமுறை அவருடையது.

மறுநாள் காலை அவர் போட்ட உத்தரவில் எங்கள் பலகாரம் மாறிவிட்டது. விடுதியில் வழக்கமாகக் கொடுப்பது முட்டையும் ரொட்டியும் இந்த ஊர் ஸ்ட்ராபெரி ஜாமும். அதற்குப் பதிலாகத் தெருமுனைக் கடையிலிருந்து மொகிங்கா வந்தது. வாழைத்தண்டு போட்டு, கடலைமாவு கரைத்த மீன் குழம்பு, மேலே பொரித்த பருப்பு வடை. அக்கா இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மதியச் சாப்பாட்டுக்கும் அவரே ஒரு தமிழர் கடையைக் காட்டினார். சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய் எதற்கும் அளவு இல்லை. தட்டு காலியாவதற்குள் கரண்டியோடு வந்து நிற்கிறார்கள். கோயில், கல்யாணம் இதற்கெல்லாம் வருகிற நம்மவர்கள் விடுதியில் இறங்கியதும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை தமிழில் பேசிப் பாருங்கள். தோட்டத்திலோ சமையலறையிலோ யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார்.

ஊர் சுற்றுவதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எல்லாரும் எழுதியதுதான். வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டி மாதிரிக் குதிரை வண்டிகள் இன்னும் மணிக்கூண்டு அருகே நிற்கின்றன. ஏறும் முன் போய்வரும் தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள். குதிரை மெலிந்திருந்தால் வேறு வண்டி பாருங்கள். 1915-இல் தொடங்கிய கண்டோஜி தோட்டத்தைப் பெரிதாக்கியதில் முதல் உலகப்போரில் பிடிபட்ட துருக்கிக் கைதிகளின் உழைப்பும் இருக்கிறது. அங்கேயும் நுழைவுச்சீட்டுக்கு இரண்டு விலை, நமக்குப் பல மடங்கு. டிசம்பரில் அங்கே பூத் திருவிழா நடக்கும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அந்தச் சமயத்தில் மாந்தலேயே மலையேறி வந்துவிடும். அப்போது போகிறவர்கள் ஒரு மாதம் முன்பே போனில் அறை சொல்லிவைக்க வேண்டும். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா நாட்களில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். முதியவர்களோடு அப்போது போகவேண்டாம்.

குறைகளையும் எழுதிவிட வேண்டும். பக்கத்து அறைகளின் பேச்சு சுவரைத் தாண்டிக் கேட்கிறது. குளியலறைத் தரை வழுக்குகிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. வயதானவர்கள் தங்கும் கீழ்த்தள அறைக்காவது ஒரு ரப்பர் விரிப்புப் போடலாம். இதை முதலாளியம்மாவிடம் சொன்னேன். கிளம்பும் நாளுக்கு முன்பே சந்தையில் வாங்கி விரித்துவிட்டார்கள். கொடுத்த வாடகைக்கு இந்த இடம் தாராளமாகத் தகும்.

கிளம்பும்போது அக்கா காரில் மாந்தலேக்கு இறங்கினாள். நான் லாஷோ பாதையில் இருக்கிற சிப்போ ஊர் வரைக்கும் ரயில் ஏறினேன். கொக்டேக் ரயில் பாலத்தைப் பார்க்கத்தான். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய பாலம். அமெரிக்காவில் செய்த இரும்பைக் கப்பலில் கொண்டுவந்து கட்டியது. 689 மீட்டர் நீளம், பள்ளத்தாக்குக்கு மேலே நூறு மீட்டர் உயரத்தில் ரயில் நடை வேகத்தில் போனது. நான் போனபோது மேமியோவில் காலை எட்டு மணி வாக்கில் வண்டி வந்தது. ஸ்டேஷனில் சீட்டு வாங்க பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. விடுதியில் முதல் நாள் இரவே சொல்லிவைத்தால் சோறும் அவித்த முட்டையும் கட்டித் தருகிறார்கள். லாஷோ பக்கம் போகும்போது பாலம் நன்றாகத் தெரிவது இடப்பக்க ஜன்னலில். ரயில் ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு, சீட்டு எழுதுகிறவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.