கிட் பைசெக்ட்: குழப்பிய இடங்கள், சரியான இடங்கள்

எந்தக் கமிட்டில் (கோட் மாற்றத்தின் பதிவில்) பக் நுழைந்தது என்று தேட, பல வருடங்களாக நான் போய் நிற்பது கிட் பைசெக்ட்டிடம்தான். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் ஒரு கட்டளை அது. நல்லது (குட்) என்று ஒரு கமிட்டையும் கெட்டது (பேட்) என்று ஒரு கமிட்டையும் நாம் சொன்னால், நடுவில் இருப்பதைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து சோதனைக்குள் பிடித்துக் கொடுத்துவிடும். தேடும் முறையில் குறையே இல்லை. குழப்பமெல்லாம் அது சொல்லாமல் விட்டதில்தான்.

ரொம்பப் படுத்தியது ரன் கட்டளை. ஒவ்வொரு கமிட்டிலும் நம் சோதனை ஸ்கிரிப்ட்டைத் தானே ஓட்டிப் பார்ப்பது அது. நம் ஸ்கிரிப்ட்டின் எக்ஸிட் கோட் (முடியும்போது அது திருப்பித் தரும் எண்) 0 என்றால் கமிட் நல்லது. 125 என்றால் சோதிக்க முடியாது, தாண்டிப் போகும். 1 முதல் 127 வரை மற்றதெல்லாம் கெட்டது. ஆனால் ஸ்கிரிப்ட்டுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷன் (ஓட்டும் அனுமதி) இல்லையென்றாலே, கட்டளைகளை ஓட்டும் ஷெல் 126 தரும். ஃபைலே இல்லையென்றால் 127. முன்பு இரண்டும் கெட்டது கணக்கில் சேரும். ஒரு சோதனைகூட நடக்காமலே தேடல் முடிந்து, நல்ல கமிட்டுக்கு அடுத்து நின்ற ஏதோ ஒரு கமிட் மீது பழி விழும். அதை நம்பி ஒருவர் அந்தக் கமிட்டின் கோட் வரிகளைப் புரட்டிப் பார்த்தால் அவருடைய நாளே போச்சு.

2022-ல் வந்த கிட் 2.36 பதிப்பு இதைச் சரிசெய்தது. முதல் தடவை 126 அல்லது 127 வந்ததும், நல்லது என்று நாம் சொன்ன கமிட்டிலேயே ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்கிறது. அங்கும் அதே எண் வந்தால் பிழை சொல்லி நிறுத்திவிடுகிறது. எவ்வளவு எளிமையான யோசனை! அதே வருடம் 2.37-ல் இன்னொரு நல்லது: குட் மட்டும் கொடுத்துவிட்டு பேட் கொடுக்காமல் இருந்தால், எதற்காகக் காத்திருக்கிறது என்று இப்போது வாயைத் திறந்து சொல்கிறது.

பக் எப்போது சரியானது என்று தேடும்போது குட், பேட் தலைகீழாகி மண்டை காயும். அதற்கு குட், பேட் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஓல்டு (மாற்றத்துக்கு முன்), நியூ (மாற்றத்துக்குப் பின்) என்ற பெயர்கள் 2.7-லிருந்தே உண்டு. இதைப் பலர் இன்னும் பயன்படுத்துவதில்லை.

ஆனால் ரன்னோடு சேர்க்கும்போது கவனம் வேண்டும். 0 என்றால் ஓல்டு. ஆனால் பக் சரியான பின் டெஸ்ட் பாஸ் ஆகி 0 தரும், அதுவோ நியூ. அதனால் முடிவைத் திருப்ப வேண்டும். மொத்த ஸ்கிரிப்ட்டின் முன்னால் ஷெல்லில் முடிவைத் தலைகீழாக்கும் ஆச்சரியக்குறி போட்டுத் திருப்பினால் 125-ம் 0 ஆகிவிடும்; பில்ட் ஆகாத (ஓடும் நிரலாக மாற்ற முடியாத) கமிட்டெல்லாம் ஓல்டு என்று பதிவாகும். நான் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே முதலில் பில்ட் செய்து, தோற்றால் 125 தந்து வெளியேறி, அப்புறம் டெஸ்ட்டின் முடிவை மட்டும் திருப்புகிறேன்.