யங் மார்பிள் ஜயண்ட்ஸின் ‘கொலாசல் யூத்’: சத்தம் போடாத போஸ்ட் பங்க்

பங்க் ராக்குக்குப் பிறகு 1970களின் இறுதியில் கிளம்பிய போஸ்ட் பங்க் இசை என்று பேச்சு எடுத்தாலே ஜாய் டிவிஷன், கேங் ஆஃப் ஃபோர், பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்று நாலைந்து குழுக்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும். யங் மார்பிள் ஜயண்ட்ஸ் அந்த வரிசையில் பெரும்பாலும் விட்டுப்போகும். வேல்ஸின் கார்டிஃப் நகரத்து மூன்று பேர். 1980 பிப்ரவரியில் லண்டனின் ரஃப் டிரேட் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘கொலாசல் யூத்’ ஒன்றுதான் அவர்கள் போட்ட ஆல்பம். அந்த வருடம் முடியும்போது குழுவே இல்லை. பதினைந்து பாட்டு, மொத்தம் 40 நிமிடத்துக்கும் குறைவு. அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் எதை முதலில் கேட்கலாம் என்று யாராவது கேட்டால், தயங்காமல் இதைத்தான் கையில் கொடுக்க வேண்டும்.

அலிசன் ஸ்டாட்டன் பாட்டு. ஸ்டூவர்ட் மாக்ஸம் கிட்டாரும் ஆர்கனும். அவருடைய சகோதரர் ஃபிலிப் மாக்ஸம் பேஸ் கிட்டார். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. மாக்ஸம் சகோதரர்களின் உறவுக்காரரான பீட்டர் ஜாய்ஸ் வீட்டிலேயே ஒரு டிரம் மெஷின் செய்து கொடுத்தார். அதில் உருவாக்கிய தாளங்களை கேசட்டில் பதிந்து, மேடையில் அந்த கேசட்டை ஓடவிட்டு மூவரும் வாசித்தார்கள்.

இந்தத் தட்டின் ஒலி முழுக்க அந்த ஒரு ஏற்பாட்டிலிருந்து வந்தது. அந்தக் காலத்து எளிய டிரம் மெஷினில் பெரிய டிரம் என்பது ஒரு சின்ன மின்சுற்று ஒரு கணம் அதிர்ந்து அடங்குவதுதான், ‘துப்’ என்று கேட்கும். சிம்பல் என்பது வடிகட்டிய இரைச்சல், ‘ட்ஸ்’ என்று கேட்கும். நிஜ டிரம்ஸில் இருக்கும் அறையின் எதிரொலி, தோலின் அதிர்வு, ஒவ்வொரு அடிக்கும் மாறும் வேகம் எதுவும் இதில் இல்லை. கேசட்டில் ஏற்றியதும் அடியின் கூர்மையும் கொஞ்சம் மழுங்கிவிடும். மேடையில் இன்னொரு சிக்கல்: ஓட ஆரம்பித்த டேப் யாருக்காகவும் நிற்காது. பாடகி ஒரு வரியைத் தாமதமாக எடுத்தால் டிரம்மர் இழுத்துப் பிடிப்பார், டேப் பிடிக்காது. அதனால் மூன்று பேரும் தாளத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வாசித்தாக வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எல்லாப் பாட்டிலும் கேட்கிறது. ஒருவரும் ஒரு சுரம்கூட வீணாக்குவதில்லை.

கிட்டாரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்டூவர்ட்டின் தனி முத்திரை என்பது உள்ளங்கையால் கம்பிகளை அடக்கி வாசிப்பது. வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்துச் சதையை, கம்பிகளைக் கிட்டாரின் உடலில் தாங்கும் கட்டையான பிரிட்ஜில் அவை ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் லேசாக வைக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் கழுத்துப் பக்கம் நகர்ந்தால் சுரம் செத்து ‘டக்’ என்ற ஓசை மட்டும் மிஞ்சும். பின்னால் நகர்ந்து பிரிட்ஜின் மேலேயே உட்கார்ந்தால் கம்பி தாராளமாக ஒலித்து, அடக்கியதே தெரியாது. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில்தான் சுரமும் கேட்கும், தாளமும் கேட்கும். புதிதாக முயல்கிறவர்கள் செய்யும் தவறு கையை அழுத்துவது. அழுத்தினால் கம்பி இறுகிச் சுருதி ஏறிவிடும், பேஸோடு சேராது. இன்னொரு தவறு, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போடுவது. மெட்டல் குழுக்கள் இதே முறையில்தான் வாசிக்கின்றன, ஆனால் அங்கே டிஸ்டார்ஷன் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. இங்கே சுத்தமான ஒலி, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அப்பட்டமான வெறுமை. ‘பிராண்ட் நியூ லைஃப்’ பாட்டில் இந்தக் கிட்டார் விடாமல் துடித்துக்கொண்டே ஓடுவதைக் கேட்டால், டிரம்மரை ஏன் தேடவில்லை என்பது புரிந்துவிடும். டிரம்மர் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கிட்டாரே செய்துவிடுகிறது.

மீதிப் பாதி பேஸுக்கு. ராக் இசையில் பேஸ் பொதுவாக அடியில் கிடந்து தாங்கும். ஃபிலிப் மேலே ஏறி மெட்டை வாசிக்கிறார். கிட்டார் தாளமாகவும் பேஸ் மெட்டாகவும் வேலையை மாற்றிக்கொண்டதுதான் இந்தக் குழுவின் பெரிய கண்டுபிடிப்பு. முதல் பாட்டான ‘சர்ச்சிங் ஃபார் மிஸ்டர் ரைட்’டில் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் ஒருமுறை தொடர்ந்து கேளுங்கள். அதைத் தனியாக முணுமுணுக்க முடியும். எத்தனை ராக் பாட்டின் பேஸை அப்படி முணுமுணுக்க முடியும்?

அலிசன் பாடுவதைப் ‘பாடுவது’ என்று சொல்லவே சிலர் யோசித்திருக்கிறார்கள். குரலில் நடுக்கம் இல்லை, கமகம் மாதிரி அசைவு இல்லை, உச்சத்துக்கு ஏறி உணர்ச்சி காட்டுவது இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசும் அளவுக்கு மேல் குரல் உயர்வதே இல்லை. பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதியது ஸ்டூவர்ட். உறவு முறிந்த வருத்தம், தனிமை, ஏமாற்றம் எல்லாம் வரிகளில் இருக்கிறது. அதை அழுதுகொண்டு பாடியிருந்தால் இரண்டு பாட்டிலேயே சலித்திருக்கும். அலிசன் நேராகச் சொல்லிவிட்டு நகர்வதால் வரி தைக்கிறது. ‘சாலட் டேஸ்’ இதற்குச் சரியான உதாரணம். பழைய நாட்களை நினைத்துப் பார்க்கும் சின்னப் பாட்டு, கேட்டு முடித்த பிறகு அடுத்த பாட்டுக்குப் போகக் கை வராது.

பதிவு நடந்தது வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊருக்கு அருகே உள்ள ஃபோயல் ஸ்டூடியோவில், 5 நாட்களில். அடுக்கடுக்காக ஒலிகளைச் சேர்த்துப் பூசி மெழுக நேரமும் பணமும் இல்லை. மேடையில் வாசித்ததைக் கிட்டத்தட்ட அப்படியே பதிந்திருக்கிறார்கள். அதுவே நல்லதாகப் போனது. 1980களின் தட்டுகள் பலவற்றைக் காலாவதியாக்கியது டிரம்ஸில் போட்ட பெரிய எதிரொலியும் சிந்தசைஸர் பூச்சும்தான். இதில் வயதாவதற்கு அப்படி ஒரு பூச்சே கிடையாது.

குறையே இல்லையா என்றால், உண்டு. 15 பாட்டில் மூன்று நான்கு வெறும் கோட்டுப்படம் மாதிரி நிற்கின்றன. ‘தி டாக்சி’ ஒரு யோசனையாகவே தங்கிவிட்டது, பாட்டாக வளரவில்லை. மனித பலத்தைப் பெருக்கும் இயந்திரத்தைப் பற்றிய ‘தி மேன் ஆம்ப்ளிஃபையர்’ கருத்தாக அருமை, மெட்டாகச் சுமார். இரண்டாம் பக்கத்தின் தொடக்கம் அதனால் சற்றுத் தொய்கிறது. ‘வுர்லிட்சர் ஜூக்பாக்ஸ்’ வந்ததும் நிமிர்ந்துவிடும். அங்கிருந்து ‘கிரெடிட் இன் தி ஸ்ட்ரெய்ட் வேர்ல்ட்’ வழியாக, பாடல் வரியே இல்லாத ‘விண்ட் இன் தி ரிக்கிங்’ வரை ஒரு நொடியும் வீண் இல்லை. ஆர்கன் முன்னால் வரும் ‘நிட்டா’வைச் சிலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள், தட்டிலேயே விசித்திரமான பாட்டு அது.

கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும், ஏனென்றால் இவ்வளவு மெலிதான இசையைத் தப்பாகக் கேட்பது சுலபம். போனில் பேஸ் பூஸ்ட் அல்லது ஈக்வலைஸர் போட்டிருந்தால் முதலில் அணையுங்கள். மெட்டு வாசிக்கும் பேஸை ஊதிப் பெருக்கினால் அது அலிசனின் குரல்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பாட்டுக்குப் பாட்டு ஒன்றோடொன்று கலக்கும் கிராஸ்ஃபேட் வசதியையும் அணைத்துவிடுங்கள். இந்தப் பாட்டுகள் வெட்டினாற்போல் முடிபவை, வால் கலந்தால் முடிவே கெட்டுவிடும். ஷஃபிள் வேண்டவே வேண்டாம். சத்தமான வேறொரு பாட்டுக்குப் பின்னால் இது வந்தால் ஏதோ பழுது என்றுதான் தோன்றும். ஒலியை நடுத்தர அளவில், பக்கத்து அறையில் ஒருவர் பேசினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு வைத்தால் போதும்.

எல்பியில், அதாவது வினைல் தட்டில், கேட்பவர்களுக்கு வேறு தொல்லை. இசைக்கு நடுவே வெறுமை அதிகம் என்பதால், மற்ற தட்டுகளில் டிரம்ஸுக்கு அடியில் மறைந்துபோகும் தூசியின் ‘டிக்’ இதில் தெளிவாகக் கேட்கும். டிரம் மெஷினின் ஒலியும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருப்பதால் எது தாளம், எது தூசி என்று காது குழம்பும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷைச் சுழலும் தட்டில் லேசாகப் பிடித்து இரண்டு மூன்று சுற்று துடையுங்கள். ஊசி முனையையும் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடைக்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால் தள்ளினால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் வளையும். ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜைத் தயாரித்தவர்கள் ஊசி தட்டில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சொல்லும் எடையைச் சரியாக வையுங்கள். எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் ஒழுங்காக உட்காராமல் ‘ஸ’கர ஒலிகள் சிதறும், அலிசனின் குரலில் அது உடனே தெரியும். சூட்கேஸ் வடிவில் வரும் மலிவு பிளேயர்களில் இதைப் போட வேண்டாம். எடையை மாற்ற வழியில்லாத கனமான ஊசி தட்டைத் தேய்த்துவிடும்.

எந்தப் பதிப்பை வாங்குவது? 1980இன் முதல் அச்சு நல்ல நிலையில் கிடைத்தால் பொக்கிஷம், ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிய தட்டில் மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் சேர்ந்தே வரும். கேட்பதற்கு என்றால் டொமினோ நிறுவனம் 2007இலும் 2020இலும் வெளியிட்ட மறுபதிப்புகள் போதும். 2007 தொகுப்பில் டெமோக்கள் எனப்படும் முன்னோட்டப் பதிவுகள் இருப்பதால், ஒரு பாட்டு எப்படி உருவானது என்று பார்க்க விரும்புபவர்களுக்கு அதுதான் சரி. நாற்பதாம் ஆண்டை ஒட்டி வந்த 2020 பதிப்பில், 1980 நவம்பரில் நியூயார்க்கின் ஹுர்ரா கிளப்பில் நடந்த கச்சேரியின் காணொளி டிவிடியாக இருக்கிறது. கிட்டார் வாசிப்பவர்கள் அதற்காகவே வாங்கலாம். டிரம்ஸ் இல்லாத மேடையில் மூன்று பேர் எப்படி நிற்கிறார்கள் என்று பார்ப்பது ஒரு பாடம்.

ஆல்பத்தை மட்டும் தனியாக வாங்குபவர்கள் இழப்பது ‘ஃபைனல் டே’. 1980 ஜூனில் தனித்தட்டாக வந்தது, இரண்டு நிமிடம்கூட ஓடாது. அணுகுண்டுத் தாக்குதல் வந்தால் வீட்டில் எப்படிப் பதுங்குவது என்று பிரிட்டன் அரசு அதற்கு முந்தைய மாதம்தான் ‘புரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ என்ற கையேட்டை விற்பனைக்கு விட்டிருந்தது. உலகத்தின் கடைசி நாளைப் பற்றிய அந்தப் பாட்டில் மெல்லிய உயர்சுரம் ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்க ஆரம்பிக்கும்போது கவனிக்க மாட்டீர்கள். கவனித்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் கேட்காது. அலிசன் வழக்கம்போல அலட்டிக்கொள்ளாமல் பாடுவார். அதுதான் பயமாக இருக்கும். குழு கலைந்த பிறகு 1981இல் வந்த ‘டெஸ்ட்கார்டு’ என்ற இபியில் (ஆல்பத்தை விடச் சிறிய தட்டு) ஆறு துண்டுகள், எல்லாம் வாத்திய இசை. நன்றாக இருக்கும், அவசரமில்லை.

இவர்களிடம் கடன்பட்டவர்களின் பட்டியல் பெரியது. தனக்குப் பிடித்த 50 ஆல்பங்கள் என்று நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தன் நோட்டில் எழுதி வைத்த பட்டியலில் ‘கொலாசல் யூத்’ இருக்கிறது. ஹோல் குழு 1994இல் ‘லிவ் த்ரூ திஸ்’ ஆல்பத்தில் ‘கிரெடிட் இன் தி ஸ்ட்ரெய்ட் வேர்ல்ட்’டைப் பாடியது. கேலக்சி 500, பெல் அண்ட் செபாஸ்டியன் குழுக்கள் ‘ஃபைனல் டே’வை எடுத்துப் பாடின. ஹோலின் வடிவத்தை மூலத்தோடு அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பது நல்ல பயிற்சி. முழு டிரம்ஸ், உறுமும் கிட்டார், தொண்டை கிழியும் குரல் என்று எல்லாவற்றையும் ஏற்றியும் பாட்டு உடையவில்லை. எழுத்து அவ்வளவு உறுதி. ஆனால் இடைவெளிகள் அடைபட்டதும், மூலத்தில் இருந்த அந்தத் தனிமை காணாமல் போய்விடுகிறது.

இதற்குப் பிறகு என்ன கேட்பது என்றால், அலிசன் சேர்ந்த வீக்கெண்ட் குழுவின் ‘லா வரியேத்தே’, 1982. ஜாஸும் லத்தீன் இசையும் கலந்த, வெயில் பட்ட ஒலி. ஸ்டூவர்ட் ‘தி ஜிஸ்ட்’ என்ற பெயரில் செய்த ‘எம்ப்ரேஸ் தி ஹெர்ட்’ இன்னும் குறைவானவர்களே கேட்டது. அதில் இருக்கும் ‘லவ் அட் ஃபர்ஸ்ட் சைட்’ பாட்டைத்தான் பிரெஞ்சுப் பாடகர் எத்தியென் தாஓ தன் மொழியில் ‘பாரி, ல ஃப்ளோர்’ ஆக்கி 1986இல் தன் ஆல்பத்தில் சேர்த்தார். பிரான்ஸில் அந்த மெட்டு தெரிந்தவர்கள் ஏராளம். அதைக் கட்டியவர் கார்டிஃப்பில் கிட்டாரை உள்ளங்கையால் அடக்கி வாசித்த மனிதர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?