பாலித் தீவு ஒருநாள் சுற்றுலா: பணம் கட்டுமுன் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள்

ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து பாலித் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். "விலங்குகள், கோயில்கள், கிராமங்கள், எல்லாம் ஒரே நாளில்" என்று அச்சடித்த தாளை உங்கள் கையிலும் யாராவது கொடுக்கலாம். அதை நம்பி எங்கள் குடும்பம் ஆளுக்கு 4,500 வீதம் ஐந்து பேருக்கு 22,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தது. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அப்பாவின் ஆசையை வீணடித்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பாவுக்கு 71 வயது. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் காலமெல்லாம் நெல் விளைவித்தவர். பாலியில் சுபாக் என்றொரு முறை இருப்பதாக ஒரு விவசாயிகள் கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தார். ஒரே நீரைப் பங்கிடும் உழவர்கள் சங்கமாகக் கூடி, தங்களுக்கென்று நீர்க்கோயில் வைத்து, யார் வயலுக்கு எப்போது தண்ணீர், எப்போது நடவு என்று பேசி முடிவுசெய்கிறார்கள். அந்த வயல்களையும் நீர்க்கோயில்களையும் 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பெயர்பெற்றவை ஜதிலுவி என்ற ஊரின் அடுக்கு வயல்கள். "மடைச் சண்டை இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், கண்ணு" என்பார். விமானத்தில் ஏறியே இராத மனிதர் அதற்காகத்தான் பாஸ்போர்ட் எடுத்தார்.

ஈரோட்டில் ஒரு முகவரிடம் பதிவு செய்தோம். தெரிந்தவர் வீட்டுப் பையன், அதனால் துருவிக் கேட்கவில்லை. தாளில் உபுத் குரங்குக் காடு, தீர்த்த எம்புல் கோயில், பெங்லிபுரான் கிராமம், ஜதிலுவி என்று நான்கு இடங்கள் இருந்தன. முதல் தவறு அங்கேயே இருக்கிறது. பெங்லிபுரான் கிழக்கே பங்லி மாவட்டத்தில் இருக்கிறது. ஜதிலுவியோ மேற்கே தபானான் மலைச்சரிவில். இடையே குறுகலான மலைச்சாலைகள். வரைபடத்தைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்திருந்தால், இது ஒரே நாளில் ஆகாத காரியம் என்று எனக்கே தெரிந்திருக்கும். பலமுறை ஆட்களை அனுப்பிய முகவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

காலை 8 மணிக்கு வர வேண்டிய வண்டி 9.45க்கு வந்தது. நேராகப் போய் நின்றது ஒரு பத்திக் துணிக்கடையில். கோயிலுக்குள் போக, இடுப்பில் சுற்றிக் கட்டும் சாரோங் துணி கட்டாயம், இங்கேதான் வாங்க வேண்டும் என்றார் ஓட்டுநர். ஐந்து சாரோங் வாங்கினோம். தீர்த்த எம்புலில் நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு அங்கேயே சாரோங் கட்டக் கொடுக்கிறார்கள் என்பதைப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். அந்தச் சீட்டுக்கும் நாங்கள்தான் பணம் கொடுத்தோம். "எல்லாம் அடக்கம்" என்று ஈரோட்டில் சொன்ன வார்த்தை அங்கே செல்லவில்லை.

அடுத்து செலுக். வெள்ளி வேலைக்குப் பேர்போன ஊர். பட்டறையைக் காட்டுவார்கள் என்று நினைத்தோம். குளிரூட்டிய விற்பனைக் கூடத்தில் ஒன்றேகால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். கிளம்பும்போது, "கிராமம் பார்த்தாகிவிட்டது" என்றார் ஓட்டுநர். பெங்லிபுரானின் கணக்கு அத்தோடு முடிந்தது. குரங்குக் காட்டின் வாசலை வண்டியிலிருந்தபடியே காட்டினார்.

விலங்கு என்று அவர்கள் காட்டியதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. ஒரு காப்பித் தோட்டத்தில் கம்பிக் கூண்டுக்குள் இரண்டு மரநாய்கள். அவை தின்று கழித்த காப்பிக் கொட்டையில்தான் விலை உயர்ந்த லுவாக் காப்பி தயாராகிறது. மரநாய் பகலில் உறங்கி இரவில் நடமாடும் பிராணி. நாங்கள் படம் எடுப்பதற்காக ஒருவர் குச்சியால் குத்தி அதை எழுப்பினார். நம் தென்னந்தோப்பில் இருட்டில் மட்டைக்கு மட்டை தாவி ஓடுகிற அதே பிராணி, இரண்டடி இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. என் மகள் அழுதுவிட்டாள். அங்கே காசு கொடுத்துக் காப்பி குடிக்காதீர்கள். நாம் குடிக்கும்வரை அந்தக் கூண்டுகள் இருக்கும்.

தீர்த்த எம்புலுக்கு 35 நிமிடம்தான் ஒதுக்கினார்கள். பத்தாம் நூற்றாண்டுக் கோயில் அது. ஊற்றுநீர் மணலைக் கிளறிக்கொண்டு பொங்குகிறது. வரிசையாக இருக்கும் கல் தாரைகளின் கீழே நின்று மக்கள் தலை நனைக்கிறார்கள். அம்மா அதில் நீராட மாற்றுச் சேலையோடு வந்திருந்தார். வரிசை பாதி நகர்வதற்குள் ஓட்டுநர் வந்து கூப்பிட்டுவிட்டார்.

மாலை 4 மணிக்கு, ஜதிலுவிக்கு நேரமில்லை என்றார். பதிலாகத் தெகலாலாங்கில் சாலையோரத்தில் ஓர் ஊஞ்சல் கடை முன்னால் இறக்கிவிட்டார். கீழே அடுக்கடுக்காக வயல்கள். அவற்றின்மேல் பணம் கட்டி ஊஞ்சலாடுகிறவர்கள். அப்பா ஓரத்தில் நின்று, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மடையை யார் திறப்பார்கள் என்று கேள், தம்பி" என்றார். கேட்டேன். ஓட்டுநருக்குத் தெரியவில்லை. அப்பா வேறெதுவும் கேட்கவில்லை.

ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. திரும்பும் வழியில் அவரே சொன்னார்: வண்டிக்கும் எரிபொருளுக்கும் கட்டாத தொகைக்குத்தான் இந்தப் பயணங்களை ஒப்படைக்கிறார்கள், கடைகள் தரும் கமிஷனில்தான் அவர் பிழைக்க வேண்டும். எங்களிடம் வாங்கிய 22,500இல் அவர் கைக்கு எவ்வளவு போனது என்று முகவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஊர் திரும்பிக் கேட்டதற்கு, "அங்கே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லைங்க அண்ணா, இடங்கள் மாறலாம் என்று கீழே போட்டிருக்கிறோம்" என்றார். ஆமாம், எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த பயணத்தில் 2,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் பதிவு செய்வதாக இருந்தால், எந்த இடத்தில் எவ்வளவு நேரம், நுழைவுச்சீட்டு யார் செலவு, எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். ஒரே ஒரு இடத்துக்காகப் போகிறீர்களானால் அதை முதலில் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கடைசியில் வைத்ததால்தான் இழந்தோம். ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் ஈரோட்டில் கொடுத்துவிட்டேன். அந்தத் தாளையும் சாரோங் ரசீதையும் இணைத்திருக்கிறேன். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு, உங்கள் ரசீதின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.